என்டர் தட்டாத அக்கா

திரையில் ஏதாவது எழுத்து வந்தால் அதைப் படிக்காமல் தாண்டிப் போவது என் சுபாவம். சரி என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துவேன். அடுத்து என்று இருந்தால் அதையும் அழுத்துவேன். என் வீட்டுக்காரர் என்னைவிட மோசம். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடக்கூட அவருக்குப் பொறுமை கிடையாது. என்டரைத் தட்டிவிட்டு, அது பாட்டுக்குப் போகட்டும் என்பார். இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறோம். அவர் படம் எடுப்பார், நான் ஆல்பம் செய்வேன். அது இன்றுவரை இழுத்து மூடப்படாமல் ஓடுகிறதென்றால், கீழே மெடிக்கல் ஷாப்பில் இருந்த அக்காவும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்டுடியோ இருப்பது உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டு மாடியில், அதன் பின்னறைகளில் எங்கள் குடித்தனம். கீழே முன்பக்கம் முழுக்க மெடிக்கல் ஷாப். மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற படிப்பு படித்தவர் அக்கா. கடை முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், அக்கா கவுண்டரில் நிற்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. காட்டன் புடவைக்கு மேல் ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, அதிராத குரல். பார்த்தால் ஆள் பரம சாது. ஆனால் எழுத்து உள்ள எதையாவது அவர் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை.

மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு சொல்லை விடமாட்டார். உதடு லேசாக அசையும். நடுவில் யாராவது கூப்பிட்டால் சுட்டுவிரலை அந்த வரியிலேயே ஊன்றிக்கொண்டு நிமிர்வார். பதில் சொல்லிவிட்டு அதே இடத்திலிருந்து தொடர்வார். மருந்துப் பெட்டிக்குள் மடித்துமடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை விரித்துப் படிக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பார். நான் புதுக் குக்கர் வாங்கியபோது அதோடு வந்த புத்தகத்தை நான் பிரிப்பதற்குள் வாங்கிப் படித்து முடித்து, "வால்வைத் தனியா கழட்டிக் கழுவணும்னு போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. குக்கர் வைக்கத் தெரியாதா எனக்கு?

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் அவர் படிப்பது எல்லாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒருமுறை ஓர் ஆட்டோக்காரர் இருமிக்கொண்டே வந்தார்.

"வழக்கமா குடுக்கிற பாட்டில்தானே, சட்டுனு குடுங்கக்கா. சவாரி உக்காந்திருக்கு."

"இது வழக்கமானது இல்லண்ணே. டாக்டர் மாத்தி எழுதியிருக்கார். இருங்க, படிச்சிடறேன்."

ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு மாமி தலையை நீட்டி, "ஏம்ப்பா, ரயில் போயிடும்ப்பா" என்று சத்தம் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"குடிச்சா தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க ஆட்டோ ஓட்டறீங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கல, நான் சொல்லல."

"மாமியை விட்டுட்டு வாங்க. அதுக்குள்ள நான் டாக்டருக்குப் போன் பண்ணி வேற கேட்டு வைக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் திரும்பி அங்கேதான் வந்தார். அந்த வீதியில் வேறு மெடிக்கல் ஷாப்பே இல்லாமல் இல்லை. எல்லாரும் அக்காவைக் குறை சொல்வார்கள், எல்லாரும் அக்காவிடம்தான் வருவார்கள். 'முழுசாப் படிச்சீங்களா?' என்று ஓயாமல் கேட்பதால் 'முழுசா அக்கா' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

எங்களுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளையும் விடமாட்டார். முகப்பிலிருந்து, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் சித்தப்பா பெரியப்பா பெயர்கள்வரை படிப்பார். ஒருமுறை படித்துவிட்டு மாடி ஏறி வந்தார். "வரவேற்பு ஒரு மண்டபம், முகூர்த்தம் வேற மண்டபம் போட்டிருக்கும்மா. உன் வீட்டுக்காரர் கவனிச்சாரா?" கவனிக்கவில்லை. அவர் பத்திரிகையில் முதலில் இருந்த மண்டபத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, முகூர்த்தத்தன்று விடிகாலையில் அங்கே போய் நிற்பதாக இருந்தார். அன்று மட்டும் அக்கா சொல்லியிருக்காவிட்டால், பூட்டிய மண்டபத்து வாசலில் கேமராவோடு நின்று வாட்ச்மேனைத்தான் படம் எடுத்திருப்பார்.

மனிதர்கள் பேசுவதையும் அக்கா அப்படித்தான் கேட்பார். நாம் சொல்லி முடித்த பிறகும் உடனே பதில் வராது. இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று காத்திருப்பார். ஒருநாள் நான் வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கீழே வந்து, "ஒண்ணுமில்லக்கா" என்றேன். அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அப்படியே நின்றார். அந்த நிற்றலைத் தாங்க முடியாமல் மிச்சம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இனி லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு கிழட்டு லேப்டாப் இருந்தது. கீல் உடைந்து, பின்னால் ஒரு பழைய ஆல்பத்தை முட்டுக் கொடுத்தால்தான் திரை நிற்கும். ஆல்பம் செய்கிற மென்பொருள் புதிதாக மாறிவிட்டது. லேப்டாப்பை இயக்குகிற பழைய ஓ.எஸ்.ஸில் இனிமேல் ஓடமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. ஆகவே புது ஓ.எஸ். போட வேண்டும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஏனென்றால் என் கல்யாணங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. நம் பக்கம் லேப்டாப் வாங்கினால் கடைக்காரரே உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். முக்கியமானதை டியில் போடுங்க, சி போனாலும் டி போகாது என்று சொல்லியும் அனுப்புவார். அதைக் கேட்டுக் கேட்டு, சி என்பது நாலு பேர் வந்துபோகிற கூடம், டி என்பது பூட்டி வைத்த பீரோ என்று என் மனதில் பதிந்துவிட்டது.

அந்த பீரோவுக்குள் அப்போது இன்னும் ஆல்பம் ஆகாத ஒரு லால்குடிக் கல்யாணம் இருந்தது. நெல் விவசாயக் குடும்பம், இரண்டு பெண்கள். மூத்தவள் தானே தேடிக்கொண்ட பையனைக் கட்டிக்கொண்டு முசிறிக்குப் போனவள். அதிலிருந்து அப்பா அவளோடு பேச்சை விட்டுவிட்டார். தங்கை கல்யாணத்துக்கு யாரும் அழைக்காமலே வந்து மண்டப வாசலில் புருஷனோடு நின்றாள். அம்மா மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எல்லாருமாக நின்று ஒரு குடும்பப் படம் எடுத்தார்கள். அந்த வீட்டில் பல வருஷம் கழித்து எல்லாரும் சேர்ந்து நின்ற படம் அதுதான்.

கல்யாணம் முடிந்ததும் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஆல்பம் மெதுவா ஆகட்டும்மா. அந்தக் குடும்பப் படத்தை மட்டும் முதல்ல போட்டுக் குடு."

"குடுத்துடறேங்க. ஏதும் அவசரமா?"

"மூத்தவ இனிமே வரமாட்டேங்கிறா. 'அப்பா என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்கல, நான் எதுக்கு வரணும்'னு போன்ல அழுவுறா. எல்லாரும் சேந்து நின்னோம்னு காட்டறதுக்கு அது ஒண்ணுதானே எங்கிட்ட இருக்கு?"

புது ஓ.எஸ். போட்டவுடன் முதல் வேலை அதுதான் என்று வாக்குக் கொடுத்தேன். கேமரா கார்டுகளை என் வீட்டுக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்காகக் காலி செய்திருந்தார். அதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. டியில் இருக்கிறதே!

ஒரு நாள் காலையில், அவர் புதுக்கோட்டைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தபோது, புது ஓ.எஸ். இருந்த பென் டிரைவைச் சொருகி நானே ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போயிற்று. எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கேட்டது. காட்டினேன். இதில் போட முடியாது என்று ஒரு நீளமான எரர் வந்தது. வழக்கம்போல மூடிவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே எரர். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தெரிந்த அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

"மெசேஜ் என்னன்னு வருதுங்க?"

"ஏதோ இங்கிலீஷ்ல நீளமா வருதுண்ணே."

"பார்ட்டிஷன் டேபிள்னு இருக்கா அதுல?"

"இருக்கு, இருக்கு."

"அது பழைய முறைல பிரிச்ச டிஸ்க்குங்க, புதுசு ஒத்துக்காது. பிரிச்சு வெச்சிருக்கிற பார்ட்டிஷன் எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு வெறும் இடத்துல போட்டீங்கன்னா எடுத்துக்கும். பேக்கப் எடுத்துட்டீங்கல்ல?"

"எல்லாம் பத்திரமா இருக்குண்ணே."

டியில் பத்திரமாக இருப்பதைத்தான் நான் சொன்னேன். வேறொரு டிஸ்க்கில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர்மேல் தப்பே இல்லை.

முதல் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து டெலிட் என்றேன். உடனே ஓர் எச்சரிக்கை குதித்தது. சரி என்ற பொத்தானை நோக்கி என் கை நகரும்போது அக்கா ஒரு பார்சலோடு மாடி ஏறி வந்தார். கூரியர்காரர் கீழேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"என்னம்மா பண்ற?"

"புது ஓ.எஸ். போடறேன்க்கா. பழசையெல்லாம் டெலிட் பண்ணணும்."

"கையை எடும்மா. இது ஏதோ சொல்லுதே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவரோ ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதுல முக்கியமான கோப்பு இருக்கலாம், அழிச்சா எல்லாம் போயிடும்னு சொல்லுது. இருக்கா?"

"இல்லக்கா. முக்கியமானது எல்லாம் டியில இருக்கு."

"இதுல டின்னு எங்கே போட்டிருக்கு?"

பார்த்தேன். பார்ட்டிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான் வரிசையாக இருந்தன. சியும் இல்லை, டியும் இல்லை.

"இருக்கிறதுலயே பெருசா இருக்கே, அதுதான் டியா இருக்கும்."

"அதையும் அழிக்கச் சொன்னாரா?"

"எல்லாத்தையும் டெலிட் பண்ணுங்கன்னார்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"உள்ள இருக்கிறது ஒரே டிஸ்க்குதானேம்மா?" என்று அக்கா கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பீரோ, கூடம் எல்லாம் ஒரே வீடு, நான் இடிக்கப் போனது அந்த வீட்டையே என்று அப்போது உறைத்தது. அக்காதான் நிதானமாக வேண்டாம் என்ற பொத்தானைத் தேடி அழுத்தினார்.

"ஆரம்பத்துலேருந்து பாப்போம். பென் டிரைவை எடுத்துட்டு, அணைச்சுப் போடு. அது சொல்றதை முழுசா கேப்போம்."

அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது, அதில் வெள்ளை எழுத்து. என் விரல் தானாக என்டருக்குப் போயிற்று.

"கையை எடும்மா."

இந்த முறை சத்தமாகவே படித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். ஹார்ட் டிஸ்க் சீக்கிரமே செயலிழக்கப் போகிறது. உள்ளே இருப்பது போகாமலிருக்க வேண்டுமானால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்வதற்கு என்டர் தட்டுங்கள்.

"இது எப்பலேருந்து வருது?"

"அது தினம் வரும்க்கா. என்டர் தட்டினா போயிடும்."

அக்கா என்னைத் திட்டவில்லை. உள்ளங்கையை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்து, "பாவம், தினம் சொல்லியிருக்கு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. லால்குடி அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. கார்டு காலியானதை, மூத்த பெண்ணை, அப்பா ஏறெடுத்துப் பார்க்காததை எல்லாம் கொட்டினேன். அக்கா கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "முதல்ல அந்த அண்ணனுக்குப் போன் போடு. இதை ஒரு எழுத்து விடாம படிச்சுக் காட்டு" என்றார்.

படித்துக் காட்டினேன். போனில் அந்த அண்ணன் குரலே மாறிவிட்டது. "அய்யய்யோ, இது வந்துச்சா? ஓ.எஸ்.ஸை விடுங்க. பழசு இன்னும் ஓடுதுல்ல? உடனே வேற டிஸ்க்குல காப்பி எடுங்க. எது ரொம்ப முக்கியமோ அதை முதல்ல எடுங்க. எந்நேரமும் நின்னுடும்."

அக்கா கீழே போய் முதலாளியிடம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடை பில்களைச் சேமித்து வைக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வாங்கி வந்தார். அவருக்குக் கம்ப்யூட்டரில் பில் போடத் தெரியும், அவ்வளவுதான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. ஆனா இது எழுதிக் காட்டுது, நமக்குப் படிக்கத் தெரியும். பாப்போமே. எது முதல்ல வேணும்?"

"குடும்பப் படம்க்கா."

குடும்பப் படத்தையே என் வீட்டுக்காரர் பல தடவை எடுத்திருந்தார். நகல் எடுக்க ஆரம்பித்ததுமே திக்கியது. இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. கீழே ஒரு சின்னக் கட்டமும் இருந்தது. இதை இனி எல்லாவற்றுக்கும் செய் என்று அதன் அருகில் எழுதியிருந்தது. என் சுபாவத்துக்குத் தோதான கட்டம் அது. அதில் டிக் போட்டு, விட்டுவிடு என்று அழுத்தினால், ஓடி முடிந்துவிடும். போடப் போனேன்.

"எல்லாத்துக்கும்னு போட்டிருக்கே. அது வேணாம்மா. ஒண்ணொண்ணா கேக்கட்டும். நாமும் ஒண்ணொண்ணா சொல்வோம்."

ஒன்றொன்றாகச் சொன்னோம். மறுபடி முயல், மறுபடி முயல். டிஸ்க் உள்ளே டொக் டொக்கென்று முனகியது. எல்லாரும் கேமராவைப் பார்த்து நேராக நின்ற நல்ல படங்களில் ஒன்றுகூட வரவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் முடியாது என்றது. கடைசியாக ஒன்றே ஒன்று, பல தடவை மறுத்துவிட்டு, திடீரென்று வந்து சேர்ந்தது. ஆவலாகத் திறந்தேன். சோர்ந்துபோனேன்.

"இது வேஸ்டுக்கா. 'இங்கே பாருங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி லைட் சரியா இருக்கான்னு பாக்க எங்க வீட்டுக்காரர் ஒண்ணு எடுப்பார். யாருமே கேமராவைப் பாக்கல பாருங்க. முதல்ல அழிக்கிறதே இதைத்தான்."

அக்கா சுட்டுவிரலைத் திரையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டார். படத்தையும் இந்த அம்மாள் படிக்கப் போகிறார் என்று புரிந்தது.

"இது யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா."

"இது?"

"மாப்பிள்ளை. பக்கத்துல கல்யாணப் பொண்ணு. அது மூத்தவ, தங்கச்சி மாலையைச் சரி பண்றா. அதான் குனிஞ்சிருக்கா. பக்கத்துல அவ புருஷன். இது அவங்க அம்மா."

விரல் கடைசி ஆளிடம் வந்து நின்றது. "இவர்தான் அப்பாவா?"

"ஆமாக்கா."

"அவர் யாரைப் பாக்கறார்?"

படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மனிதர் வரிசையின் கோடியில் நின்றுகொண்டு, கழுத்தை நன்றாகத் திருப்பி, நடுவே நின்ற இரண்டு பேரையும் தாண்டி மூத்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட நினைத்ததுபோல வலது கை லேசாக முன்னால் வந்திருந்தது. அவளோ குனிந்திருந்தாள். அடுத்த நொடியே என் வீட்டுக்காரர் 'இங்கே பாருங்க' என்றிருப்பார். அப்பாவும் தூண் மாதிரி நேராகத் திரும்பியிருப்பார். நல்ல படங்கள் எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான் நின்றார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

சாயங்காலத்துக்குள் கல்யாணத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. தாலி கட்டியது வந்தது, மாலை மாற்றியது வந்தது. நடுநடுவே சில போயின. அதற்குப் பிறகு டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்து, லால்குடி அம்மாவை வரச் சொல்லிவிட்டு, "என்னக்கா சொல்றது?" என்று கேட்டேன்.

"நடந்ததை முழுசா சொல்லு. பாதில நிறுத்தாத" என்றார்.

அந்த அம்மா வந்தபோது அக்காவும் மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் டிஸ்க் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வாடியது. "போனது போச்சு, என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே படத்தை வாங்கினார். சின்னவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், தன்னைப் பார்த்துப் புடவைத் தலைப்பு சரியில்லை என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையை அழுத்தினார். அவங்களே படிக்கட்டும் என்று அர்த்தம்.

அந்த அம்மாவின் பார்வை படத்தின் கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து மெதுவாக மூத்தவளுக்கு வந்தது. மறுபடி கோடிக்குப் போயிற்று.

"பாத்திருக்கார்" என்றார். படத்திலிருந்து நிமிர்ந்து, "பாத்திருக்காரும்மா" என்று என்னிடம் சொன்னார், எனக்குத் தெரியாததுபோல. கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பைக்குள் பட்டுப்புடவையை வைப்பது மாதிரி பத்திரமாக வைத்தார்.

"இங்கேருந்து முசிறிக்கு எங்கே பஸ் ஏறணும்?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயிடுங்க. ஆனா நீங்க லால்குடிக்கில்ல போகணும்?"

"அங்கே போய்க்கலாம். முதல்ல அவ பாக்கட்டும்."

படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, "கீழ ஆள் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். தானே கண்டுபிடித்ததாக ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அது கண்டுபிடிப்பே இல்லை. எழுதியிருந்தது, படித்தார்.

அடுத்த வாரம் அந்த அண்ணன் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். பழைய டிஸ்க்கின் வம்பு தீர்ந்ததால் ஓ.எஸ். மளமளவென்று ஏறியது. நான் வேண்டுமென்றே அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நடுவில் ஒப்பந்தம் என்று முடிவே இல்லாமல் ஒரு பக்கம் வந்தது. கீழே சம்மதம் என்று ஒரு கட்டம்.

"இதையாவது விட்டுடலாம்க்கா. இதை உலகத்துல யாருமே படிச்சதில்ல."

"சம்மதம்னு போடறதுக்கு முன்னாடி எதுக்குச் சம்மதம்னு தெரிய வேணாமா?"

நான் உள்ளே போய் ரசம் வைத்துவிட்டு வந்தேன். அக்கா பாதிதான் தாண்டியிருந்தார்.

பிறகு அவர் வீட்டுக்காரருக்குப் பெரம்பூருக்கு மாற்றலாகி, அக்கா ஸ்ரீரங்கத்தை விட்டுப் போகும் நாள் வந்தது. அவருக்கு என்ன கொடுப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் எதிர்ச்சாரியில் நின்று அவருக்குத் தெரியாமல் கடையை ஒரு படம் எடுத்து, பெரிதாகப் போட்டு, பிரேம் செய்து கொடுத்தேன். கவுண்டரில் நின்று மருந்துத் தாளைப் படிக்கும் அக்கா, கல்லாவில் முதலாளி, சலித்துக்கொண்டு நிற்கும் கூட்டம், அதில் அந்த ஆட்டோக்காரரும் இருந்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை இடது ஓரத்தில் வைத்தார். ஒவ்வொரு ஆளாக, பின்னால் அலமாரியில் இருந்த பெட்டிகளைக்கூட விடாமல், வலது ஓரம்வரை வந்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ இதுல இல்லையேம்மா" என்றார்.

"நான் எடுத்த படம்க்கா. நான் எப்படி இருப்பேன்?"

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."

அவர் கேமராவோடு இறங்கி வந்தார். நாங்கள் இருவரும் கவுண்டருக்கு முன்னால் நின்றோம். அக்கா கோட்டைக் கழற்றிவிட்டுப் புடவையை நீவிக்கொண்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல லைட் பார்க்க ஒன்று எடுத்துவிட்டு, பிறகு 'இங்கே பாருங்க' என்று சொல்லி நன்றாகவே பல எடுத்தார். அக்காவுக்கு அனுப்பியதும் சரி, என் மேசைமேல் இருப்பதும் சரி, லைட் பார்க்க எடுத்த அந்த முதல் படம்தான். அதில் நான் கேமராவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.